மேல் கொட்டகைத் தோல்முட்டைகள்

பள்ளங்கிச் சரிவில் கோழிகள் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன.

ராமருக்கு முதலில் உறைத்தது அந்தச் சத்தமின்மைதான். கோழிப்பண்ணை என்றால் காது கிழிய வேண்டாமா? திண்டுக்கல்லில் அவன் குடியிருந்த சந்தில் ஒரே ஒரு சேவல்தான் உண்டு. அந்தப் பாவி ஒருத்தனே தெரு முழுவதையும் தூங்கவிடாமல் அடிப்பான். இங்கேயோ மேல் கொட்டகை நிறைய வெள்ளை லெகார்ன் கோழிகள் இருந்தும் ஒரு கொக்கரிப்பு இல்லை. கொண்டை கறுத்து, இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உமியின் மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தன. வாசல் வழியாக மூடுபனி உள்ளே நுழைந்து அவற்றின் மேல் படுத்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, எல்லாம் மௌன விரதமா?" என்றான் ராமர்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கூடைக்குள் கையை விட்டு, எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று ஏதோ அசைந்தது. ராமர் பதறிப்போய்க் கையை உதறப் பார்த்தான்.

"பதறாதே. முட்டைதான்."

"இதுவாண்ணே முட்டை? ஓட்டைக் காணோமே! கோட்டைக் கழற்றி வெச்ச வெள்ளைக்காரன் மாதிரி இருக்கு."

"தோல்முட்டை. ஓடு கட்டலை."

நாச்சிமுத்து போலீசில் இருந்தவர் அல்ல. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். திருட்டுப் போன வீடுகளில் பூட்டு எப்படித் திறந்தது என்று சொல்லப் போய், திறந்தவன் யார் என்றும் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் அதுவே பிழைப்பாகிவிட்டது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த ராமர் அவரோடு ஒட்டிக்கொண்டது பேச்சுத் துணைக்கு. பேசுவதெல்லாம் இவன், துணையாக இருப்பது மட்டும் அவர் என்று பட்டறைப் பையன்கள் கேலி செய்வார்கள்.

பண்ணைக்காரர் சேனாதிபதி கொட்டகை வாசலில் கறுப்புச் சட்டையும் கறுப்புத் துண்டுமாக நின்றார். சாமி இல்லை, பூதம் இல்லை என்று மலைக் கிராமங்களில் மேடை போட்டுப் பேசுகிற ஆள். இன்றைக்கு அந்த முகத்தில் பேச்சு வற்றிப்போயிருந்தது.

"இந்தக் கோழி போட்ட முட்டை எப்படி இருக்கும் தெரியுமாங்க? முன்னெல்லாம் வத்தலக்குண்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஒடைஞ்சிரும். அப்புறம் பிளாக் ஆபீஸ்ல கூட்டம் போட்டுச் சொன்னாக, தீவனத்தோட சிப்பித்தூள், எலும்புத்தூள், உப்பு கொடுக்கணும்னு. கொடுத்தோம். கல்லு கணக்கா ஓடு கட்டுச்சு. மலைப்பாதையில உருட்டி விட்டாலும் ஒடையாது. அதே சிப்பித்தூள்தான் இன்னைக்கும் போடுறோம். இப்பப் பாருங்க, தோலு!"

"கீழ்க் கொட்டகையில?"

"அங்க எல்லாம் நாட்டுக்கோழி. ஒண்ணுக்கும் ஒரு கேடும் இல்ல." சேனாதிபதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோழி போனாப் போகட்டும்ங்க. என் வீட்டுக்காரி தமயந்தி செத்துக்கிட்டிருக்கா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

ராமர் கையிலிருந்த தோல்முட்டையை மெதுவாகக் கூடையில் வைத்தான்.

"சாப்பிட்டது தங்கலை. காலு மரத்துப் போகுதுங்கிறா. தலைமுடி கொத்துக் கொத்தா வருது. டாக்டர் அல்சர்னு சொல்லிப் பால் குடிக்கச் சொல்றாரு. கோழி விழ ஆரம்பிச்சதும் அவ படுக்க ஆரம்பிச்சதும் ஒண்ணா வந்துச்சுங்க. எவனோ வெக்கிறான். கோழிக்கும் வெக்கிறான், அவளுக்கும் வெக்கிறான். எனக்குத் தெரிஞ்சு இந்தக் காட்டுல தீவனத்துல கைவெக்கிறவன் பண்ணையாளு மலைச்சாமி ஒருத்தன்தான். தீவன ரூம்புல போட்டுப் பூட்டியிருக்கேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொன்னா?"

சேனாதிபதி திரும்பிப் பார்த்தார். கொட்டகைச் சுவரில் ஒரு துப்பாக்கி சாய்த்து வைத்திருந்தது.

நாச்சிமுத்து கொட்டகையின் நடுவே போனார். மலைக் குளிருக்காக அங்கே ஒரு கணப்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். ராமரும் உறிஞ்சினான்.

"பூண்டு வாசம்! ஐயா வீட்டுல இன்னைக்குப் பூண்டுக் குழம்பு போலிருக்கு."

"நீங்க வேற," என்றார் சேனாதிபதி சலிப்போடு. "சஷ்டி விரதம்னு அவ வெங்காயம் பூண்டு எதையும் வீட்டுப் பக்கமே விடலை. எனக்கு நாக்கே செத்துப்போச்சு."

"பக்கத்துல பூண்டுத் தோட்டம் இருக்கா?"

"பூண்டுக்குப் பூம்பாறைக்குல்ல போகணும்."

நாச்சிமுத்து கரியைக் கிளறினார். எரிந்து சுருண்ட காகிதத் துண்டு ஒன்று மேலே வந்து உதிர்ந்தது. பிறகு கோழிகள் கொத்துகிற தாதுத் தொட்டியில் விரலை விட்டு எடுத்தார். வெள்ளைச் சிப்பித்தூளின் மேல் மாவு மாதிரி ஏதோ ஒன்று மெல்லிசாகப் படிந்திருந்தது. விரலை வேட்டியில் துடைக்காமல், வெளியே போய்ப் புல்லில் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். வேட்டி அழுக்கைப் பற்றி அவர் கவலைப்பட்டு ராமர் பார்த்ததே இல்லை.

சேனாதிபதியும் வெளியே வந்ததும் நாச்சிமுத்து கேட்டார். "ஐயாவும் அம்மாவும் ஒரே சாப்பாடுதான?"

"ஒரே பானை, ஒரே சட்டி. தண்ணிகூட ஒரே ஊத்துத் தண்ணிதான்."

"ஏலே ராமரு, இப்பச் சொல்லு. அந்தம்மா சாப்பிடுது, மேல் கொட்டகைக் கோழி சாப்பிடுது. ஐயா சாப்பிடலை, கீழ்க் கொட்டகைக் கோழியும் சாப்பிடலை. அது என்ன?"

"விடுகதையாண்ணே? தோத்துட்டேன்."

"வெரசாத் தோக்காதே. இதுக்கு விடை தெரியலைன்னா அந்தம்மா பிழைக்காது."

தீவன அறையைத் திறந்ததும் மலைச்சாமி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தான். காய்ந்த உடம்பு, சிவந்த கண். சேனாதிபதியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டான். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு கொட்டகைக்கும் ஒரே மூட்டையாப்பா?" என்றார் நாச்சிமுத்து.

"ஒரே மூட்டைதாஞ் சாமி. ஒரே சிப்பி, ஒரே உப்பு. கீழ நான் போடுறேன். மேல அம்மாதான் போடுவாக. அந்த வெள்ளைக்கோழிக குஞ்சுலேருந்து அவுக கையில வளந்தது. என்னை வாசப்படி ஏற விடமாட்டாக."

"ஒடம்பு முடியாத நேரத்துலயுமா?"

"எந்திரிக்க முடியாத அன்னைக்கும் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு வந்து தூவிட்டுத்தான் போவாக. வந்து போன கொஞ்ச நேரத்துக்கு ஒரு வாசம் கெளம்பும். நான் என்னத்தைக் கண்டேன்?"

அங்கிருந்து வீட்டுக்கு நடக்கும்போது ராமர் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, என் புத்திக்கு ஒண்ணு தோணுது. ஒரே சாப்பாடு, ஆனா ஐயா மட்டும் தேக்கு மரம் மாதிரி இருக்காரு. துப்பாக்கி வேற வெச்சிருக்காரு. நம்மளைக் கூப்பிட்டதே..."

"நானும் அதைத்தான் நெனச்சேன்."

"நெனச்சீகளா? அப்ப இருங்க, லாரிக்காரன் எவனாவது வர்றானா பாக்குறேன்."

"நெனச்சதைத் தாதுத் தொட்டிக்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். பொண்டாட்டிக்கு வெக்கிறவன் அவ கோழிக்கும் சேத்து எதுக்கு வெக்கிறான்? அவளைக் கொல்ற கையும் கோழிக்குத் தூவுற கையும் ஒண்ணுன்னா, அது யார் கை?"

ராமர் நின்றுவிட்டான். "அம்மா கையா?"

நாச்சிமுத்து நடந்துகொண்டே இருந்தார்.

தமயந்தி ஜன்னலோரக் கட்டிலில் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். பழனியில் அடிவாரத்துக் கடைக்காரக் குடும்பத்துப் பெண். நெற்றி நிறையத் திருநீறு. ஒரு காலத்தில் அழகான முகமாக இருந்திருக்க வேண்டும். இப்போது கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்திருக்கப் பார்த்துக் கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தாள். அதற்கு அவள் வெட்கப்பட்டதைப் பார்க்க ராமருக்குத் தாங்கவில்லை. கம்பளியைப் பிடித்திருந்த அவள் விரல் நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

நாச்சிமுத்து சேனாதிபதியை ஜீப்புக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பினார். அவர் போனதும் கட்டிலுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தாயி, தீவனம் போட்டுட்டு, அதுக்கு மேல கோழிக்கு என்ன தூவுறீக?"

தமயந்தி வாசலைப் பார்த்தாள். "அவுக காதுல விழுந்துராதே?"

"விழாது."

"சிரிக்கக் கூடாது. திருநீறுங்க."

ராமர் சிரிக்கவில்லை. சிரிப்பு எங்கேயோ மலையிறங்கிப் போய்விட்டிருந்தது.

"என் தம்பி பொன்னுவேலு பழனியில பூசைச் சாமான் கடை வெச்சிருக்கான். ஆடி மாசம் பொறந்ததுலேருந்து வாராவாரம் பஸ்ஸுல பொட்டலம் கொடுத்து விடுறான். 'அத்தானுக்கு ஆயுசுக் கண்டம் இருக்குக்கா, தினம் வெள்ளனே அவருக்குத் தெரியாம பால்ல ஒரு சிட்டிகை போட்டுக் கொடு'ன்னு சொன்னான்."

"கொடுத்தீகளா?"

"எப்படிங்க கொடுப்பேன்?" என்றாள் தமயந்தி. "சாமி இல்லைன்னு சொல்ற மனுசன். நான் கோயிலுக்குப் போறதை ஒரு நாள் தடுத்ததில்ல. அவுக கொள்கை அவுகளுக்கு. ஏமாத்தித் திங்க வெச்சா அது துரோகம் இல்லீங்களா? ஆனா தம்பி மனசும் நோகக் கூடாதே. தினம் கொடுக்கிறேன்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன். அவுகளுக்குன்னு வந்ததை நானே வாயில போட்டுக்குவேன். பொண்டாட்டி சாப்பிட்டா புருசனுக்குச் சேராமலா போகும்?"

நாச்சிமுத்து கண்ணை மூடித் திறந்தார். "மிச்சத்தை?"

"கால்ல மிதிபட வெளிய கொட்ட முடியுமா? பிளாக் ஆபீஸ்காரரு கோழிக்குக் கொஞ்சம் சாம்பலும் நல்லதுன்னு சொன்னாரு. வாயில்லாச் சீவன் வயித்துக்குத்தான போகுதுன்னு தாதுத் தொட்டியில தூவிருவேன். பொட்டலத் தாளைக் கணப்புல போட்டு எரிச்சிருவேன்."

விடுகதைக்கு விடை வந்துவிட்டது. ராமருக்குத்தான் அந்த விடையைத் தெரிந்துகொண்டிருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

நாச்சிமுத்து ஒரு பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார். ராமரை விட்டுக் கணப்புச் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். தமயந்தியை வாசற்படியில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார வைத்தார். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, முதலில் அடுப்படிச் சாம்பல் ஒரு சிட்டிகையைக் கங்கின் மேல் போட்டார். அது அப்படியே கிடந்தது.

"சாம்பல்னா எரிஞ்சு முடிஞ்ச சங்கதி தாயி. மறுபடி எரிய அதுல என்ன இருக்கு?"

பிறகு பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகையைப் போட்டார். கங்கிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு எழுந்தது. காற்றில் சட்டென்று பூண்டு நாற்றம்.

"தள்ளி வாடா!" என்று ராமரை இழுத்தார் நாச்சிமுத்து. "இது பழனி மலைமேல கொடுக்கிற திருநீறு இல்ல. கடையில உக்காந்து எவனோ பாஷாணம் கலந்து கட்டுனது. பாஷாணத்தைத் தீயில போட்டாத்தான் இப்படிப் பூண்டு நாறும், தின்னாத்தான் நகத்துல அப்படிக் கோடு விழும்."

தமயந்தி புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உறுதியான குரலில் சொன்னாள்:

"என் தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது. கடைச் சாமான்ல எலிக்கு வெக்கிறது எதுவும் தவறி விழுந்திருக்கும். அவனை நான் இடுப்புல தூக்கி வளத்திருக்கேன்."

"இருக்கலாம்," என்றார் நாச்சிமுத்து.

"இருக்கலாம் இல்ல. அதுதான். இன்னைக்கு சஷ்டிப் பிரசாதத்தோட அவனே வர்றான். கேட்டுப் பாருங்க."

"கேட்டா இல்லைம்பான், தாயி. தெரியாம செஞ்சவனும் இல்லைம்பான், தெரிஞ்சு செஞ்சவனும் இல்லைம்பான். கேக்காம தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. அவன் முன்னால, தினம் செய்றதை நீங்க செய்யணும். பொட்டலத்துல அரிசி மாவு போட்டுத் தர்றேன், பயம் இல்ல. தெரியாதவன்னா, அக்கா திருநீறு போட்டுக்கிறதைப் பாத்துட்டுச் சும்மா இருப்பான்."

"சும்மாத்தான் இருப்பான்," என்றாள் தமயந்தி. "நீங்களே பாருங்க. பாத்துட்டு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க."

ராமர்தான் அடுப்படியில் போய் மாவை மாற்றினான். தாளை முன்பு இருந்த மடிப்பு மாறாமல் மடித்தான். எத்தனையோ திருட்டுப் பயல்களைப் பிடிக்கப் பொறி வைத்திருக்கிறான். இந்தப் பொறியில் யாரும் விழக்கூடாது என்று அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டான்.

பொன்னுவேல் பஸ்ஸில் வந்து இறங்கி, பனியில் நனைந்த பட்டுக்கரைத் துண்டை உதறிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். வெளுத்த, சதைப்பிடிப்பான ஆள். சந்தனமும் ஜவ்வாதும் கமகமத்தன. கூடத்து நாற்காலியில் சேனாதிபதி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. நாச்சிமுத்துவும் ராமரும் கோழி வாங்க வந்தவர்களாகச் சுவரோரம் நின்றார்கள்.

"என்னக்கா, இப்படி எளைச்சுப் போயிட்டே?" பொன்னுவேல் திடுக்கிட்டதில் பொய் இல்லை.

"விரதம்டா," என்றாள் தமயந்தி.

"ஒடம்பைப் பாத்துக்க வேண்டாமா?" என்றவன் சேனாதிபதி பக்கம் திரும்பினான். "அத்தானுக்கு எப்படி இருக்கு? பசி எடுக்குதா? வயித்துல ஒண்ணும் கோளாறு இல்லையே?"

"எனக்கென்ன கேடு? வெச்சதெல்லாம் செரிக்குது."

"கை காலு மரத்துப் போறது, தலை சுத்துறது..."

"ஒண்ணும் இல்லைங்கிறேன்ல? மாட்டைச் சோதிக்கிற மாதிரிக் கேக்கிறே!"

பொன்னுவேலின் முகம் ஒரு நொடி சுருங்கி நேரானது. கையிலிருந்த பையைத் தடவிக்கொண்டான். "இந்த வாட்டிப் பெரிய பொட்டலமாக் கொண்டாந்திருக்கேன்க்கா," என்றான் மெதுவாக.

தமயந்தி உள்ளே போய்ப் பித்தளைத் தட்டில் பழைய பொட்டலத்தை வைத்து எடுத்து வந்தாள். நடை தள்ளாடியது. ராமர் அவளைத் தாங்க முன்னால் போனான். நாச்சிமுத்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். தமயந்தி தம்பிக்கு எதிரே நின்று பொட்டலத்தைப் பிரித்தாள். நெற்றியில் இட்டுக்கொண்டாள். பொன்னுவேல் பையிலிருந்து தேங்காயை எடுத்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்தான். பேசாமல் இருந்தான்.

தமயந்தி நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெற்றி இருந்தது. ராமருக்கும் மூச்சு வந்தது.

"பொன்னு, உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்டா," என்றாள். "அத்தானுக்கு நான் கொடுக்கலை. அவுகளுக்குப் பதிலா தினமும் நாந்தான் சாப்பிடுறேன்."

ஒரு சிட்டிகையை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வேண்டாம்க்கா!"

தேங்காய் உருண்டது. பொன்னுவேல் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். தட்டு சுவரில் மோதி விழுந்து நெடுநேரம் அதிர்ந்தது. கூடமெல்லாம் வெள்ளைத் தூள்.

சேனாதிபதி எழுந்தார். பொன்னுவேல் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். சிரிக்க முயற்சி செய்தான்.

"இல்ல... வெறும் வயித்துல... விரத ஒடம்புக்கு ஆகாதுன்னு..."

"பழனியில பூசைக்கடை வெச்சிருக்கிறவரு திருநீறு ஒடம்புக்கு ஆகாதுன்னு சொல்லி இப்பத்தான் கேக்கிறேன்," என்றார் நாச்சிமுத்து.

தமயந்தி தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தம்பி அடித்த இடம் சிவந்திருந்தது.

"அது அரிசி மாவுடா, பொன்னு," என்றாள். "இன்னைக்கு மட்டும்தான் அரிசி மாவு."

பொன்னுவேலின் வாய் திறந்தது. "அப்ப இத்தனை நாளா?"

"நீ கொடுத்தனுப்பினதுதான்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். சேனாதிபதிக்கு எல்லாம் விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் வாசல் பக்கம், துப்பாக்கி இருந்த திசையில் திரும்பினார். நாச்சிமுத்து குறுக்கே வந்து நின்றார்.

"சுடுறதுன்னா அப்புறம் சுடலாம், ஐயா. இப்ப இவன் வாய்தான் அம்மாவுக்கு மருந்து." பொன்னுவேலின் முன்னால் குந்தினார். "கேளுய்யா. நீ வாயைத் திறக்கலைன்னா கேஸ் நிக்காது. தவறி விழுந்துருச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். உங்க அக்காவை அல்சர்னு சொல்லிப் புதைச்சிருவாக. மதுரையில இதுக்கு ஊசி இருக்கு. ஆனா என்ன விஷம், எவ்வளவு, எந்த மாசத்துலேருந்துன்னு அந்த டாக்டருக்குச் சரியாச் சொல்லணும். அது உனக்கு மட்டும்தான் தெரியும். உன் கழுத்தா, அவ உசிரா? வெரசாச் சொல்லு."

வெளியே பனியில் எங்கோ ஒரு நாட்டுக்கோழி கூவிற்று. பொன்னுவேல் அக்காவின் நகங்களைப் பார்த்தான்.

"வெள்ளைப் பாஷாணம்," என்றான். "ஆடியில கடுகளவு. ஐப்பசியில கூட்டினேன். அத்தானுக்கு ஒண்ணும் ஆகலைன்னு... கூட்டினேன்." முகத்தில் அறைந்துகொண்டு அழுதான். "பங்களா கட்ட இந்த மேட்டை மலைமேல இருக்கிற வெள்ளைக்காரங்க நல்ல வெலைக்குக் கேட்டாங்க. அத்தான் தரமாட்டேன்னுட்டாரு. பிள்ளை குட்டி இல்ல, அவரு போயிட்டா எல்லாம் உனக்குத்தான வரும். உனக்காகத்தாங்க்கா செஞ்சேன்! முருகன் சத்தியமா உனக்காகத்தான்!"

தமயந்தி அவனைப் பார்த்தபடியே நின்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் ராமருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்காகவா?" என்றாள். "என் தாலியை அறுத்து எடுத்துக்கிட்டு, அதுக்கு மேல எனக்கு என்னடா கொடுக்க நெனச்சே?"

அதற்குப் பிறகு அவளால் நிற்க முடியவில்லை. விழுவதற்குள் சேனாதிபதி பிடித்துவிட்டார்.

முட்டை ஏற்றுகிற ஜீப்பின் பின்னால் வைக்கோலைப் பரப்பி, பொன்னுவேலைத் தூக்கிப் போட்டார்கள். நாச்சிமுத்துவும், தீவன அறையிலிருந்து வெளியே விட்ட மலைச்சாமியும் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ராமர் ஸ்டியரிங்கைப் பிடித்தான். முன்னிருக்கையில் சேனாதிபதி மனைவியைக் கம்பளியோடு மடியில் சாய்த்துக்கொண்டார். வத்தலக்குண்டு வரைக்கும் வளைவு வளைவாகப் பள்ளத்தாக்கு. எதிரே ஒரு கெஜ தூரம்கூடத் தெரியாத பனி. ஆனாலும் ராமர் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் பொன்னுவேல் விக்கிக்கொண்டே ஒவ்வொரு மாதமும் கலந்த அளவைச் சொல்ல, நாச்சிமுத்து திருப்பித் திருப்பிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் சேனாதிபதி குனிந்து கேட்டது ராமர் காதில் விழுந்தது.

"எனக்குப் பதிலாவா தின்னே, தமயந்தி?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"உங்க பேருக்கு வந்ததுங்க. நீங்க நம்பலைன்னா, உங்களுக்காக நம்புறதுக்கு வேற யாரு இருக்கா?"

மேடைமேடையாகப் பேசிய அந்த மனிதர் அவள் தலையைத் தன் கறுப்புச் சட்டையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஓட்டுய்யா, ஓட்டு," என்று ராமரைக் கெஞ்சினார்.